மடிப்பில் மட்டும் கஞ்சி

என் மச்சானைப் போலீஸ் ஊரெல்லாம் தேடிக்கொண்டிருந்தபோது அவன் எங்கள் தலைக்கு மேலேதான் இருந்தான். பேச்சுக்குச் சொல்லவில்லை. நாங்கள் கீழே கடையில், அவன் மாடியில். அவன் புரண்டு படுத்தால் மரத்தளம் முனகும். அது முனகும்போதெல்லாம் கடையில் நிற்பவர்களைப் பார்த்து நான் இருமுவேன். நான் இருமிய இருமலுக்கு இரண்டு மூன்று பேர் மருந்து சொன்னார்கள். ஒருவர் டாக்டர் விலாசமே கொடுத்துவிட்டுப் போனார்.

எங்களுடையது சலவைக் கடை. பின்னால் துவைக்கும் இயந்திரம், நடுவில் இஸ்திரி மேசைகள், முன்னால் முடிந்த துணிகள் தொங்கும் கம்பி. துணி வாங்கி வருவதும் கொண்டுபோய்க் கொடுப்பதும் என் வேலை. இஸ்திரி என் மனைவியும் அவள் தம்பியும். கடைக்கு மூளை அவள், கை அவன், கால் நான் என்று அவள் சொல்வாள். வாய் யார் என்று நான் கேட்டதில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமா அது.

மச்சானை எல்லோரும் 'கஞ்சி' என்றுதான் கூப்பிடுவார்கள். துணிக்குக் கஞ்சி போடுவதில் அவனுக்கு ஒரு கிறுக்கு. மற்றவர்கள் சட்டையை முழுசாகக் கஞ்சியில் முக்கி எடுப்பார்கள். அவன் ஒரு சின்ன பிரஷ்ஷை நீர்க்கக் கரைத்த கஞ்சியில் தொட்டு, கையில் மடிப்பு விழ வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு கோடு இழுத்து, அதன்மேல் பெட்டியை ஓட்டுவான். மடிப்பு கத்தி மாதிரி நிற்கும். மீதிச் சட்டை மெத்தென்று இருக்கும். இதை அவன் கண்டுபிடித்ததே இன்ஸ்பெக்டர் மேடத்துக்காகத்தான். எங்கள் கடைக்குப் பின்தெருவில் காவல் நிலையம். அங்கிருக்கும் சீருடைகள் எல்லாம் எங்களிடம்தான் வரும். காலரில் கஞ்சி பட்டால் மேடத்துக்குக் கழுத்து அரித்துச் சிவந்துவிடும். கஞ்சியே இல்லாவிட்டால் கை மடிப்பு மத்தியானத்துக்குள் தொய்ந்துவிடும். ரெண்டும் வேணும்னா நான் எங்க போறது என்று என் மனைவி கையை விரித்துவிட்டாள். கஞ்சிதான் உட்கார்ந்து யோசித்து இந்த வழியைப் பிடித்தான். அதற்கப்புறம் மேடம் சட்டையை நீட்டும்போதே, "இத கஞ்சிகிட்ட குடுங்க" என்பார்.

சம்பவம் நடந்த அன்று சாயங்காலம் நல்ல மழை. முட்டி வலிக்கிறது என்று நான் உட்கார்ந்துவிட்டேன். துணி கொண்டுபோகும் வேனை அவன் எடுத்துக்கொண்டு போனான். ஒரு திருப்பத்தில், சைக்கிளில் போய்க்கொண்டிருந்த ஒருவரை வேன் இடித்துத் தள்ளிவிட்டது. அவர் பஸ் கண்டக்டர், வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர். கஞ்சி இறங்கிப் பார்க்கவில்லை. எங்கள் கடைப் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதியிருந்த அந்த வேனை ஒரு சந்தில் விட்டுவிட்டு, தெப்பலாக நனைந்து பின்வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, ஒருத்தர இடிச்சுட்டேன்."

"உயிரோட இருக்காரா?"

"தெரியல. பயத்துல வந்துட்டேன்."

அவள் ஓங்கி ஓர் அறை விட்டாள். அதே கையால் துண்டை எடுத்து அவன் தலையைத் துவட்டினாள். அப்புறம் மாடிக்குப் போகச் சொன்னாள். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நான் பக்கத்திலேயே நின்றேன். என் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை.

மாடியில் இருப்பது வாங்காத துணி அறை. சலவைக்குப் போட்டுவிட்டு மறந்துபோனவர்கள், ஊர் மாறிப் போனவர்கள், உடம்பு பெருத்துவிட்டதால் இனிமேல் எதற்கு என்று விட்டுவிட்டவர்கள், இவர்கள் எல்லோருடைய துணியும் அங்கே வரிசையாகத் தொங்கும். தூக்கிப் போட என் மனைவிக்கு மனசு வராது. என்றைக்காவது வந்து கேட்டால் என்ன சொல்வது என்பாள். கால்வரை தொங்கும் கோட்டுகளுக்கு நடுவில் ஓர் ஆள் நின்றால் கோட்டோடு கோட்டாகிவிடுவான்.

வேன் சந்தில் கிடைத்து, அதை ஓட்டியது கஞ்சிதான் என்று விசாரித்துக்கொண்டு, அன்றைக்கே மேடமும் ஒரு கான்ஸ்டபிளும் வந்தார்கள். கான்ஸ்டபிள் மாடி ஏறினார், தூசியில் நாலைந்து தும்மல் போட்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கிவிட்டார். கண்டக்டர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், கால் எலும்பு நொறுங்கியிருக்கிறது, உயிருக்கு ஆபத்தில்லை என்று மேடம் சொன்னார். அதைக் கேட்டதும் என் மனைவி மேசையைப் பிடித்துக்கொண்டாள். துக்கம் என்று மேடம் நினைத்திருப்பார். அது நிம்மதி.

"அவரு இங்க வந்தா சொல்லிடுங்க" என்றார் மேடம். "தெரிஞ்சும் சொல்லாம இருந்தா அது தனிக் குத்தம். இடிச்சவர் மேல ஒரு கேஸ், ஒளிச்சு வெச்சவங்க மேல இன்னொண்ணு."

"யார ஒளிச்சு வெச்சாலும் குத்தமா மேடம்?" என்று நான் கேட்டேன். சும்மா இருந்திருக்கலாம்.

"புருஷன பொண்டாட்டி ஒளிச்சு வெச்சா சட்டம் கண்டுக்காது. தம்பின்னா விடாது."

அவர்கள் போனதும் என் மனைவி கதவைச் சாத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பேசாம நீங்களே போய் இடிச்சிருக்கலாம்" என்றாள்.

இப்படித்தான் எங்கள் குடும்பம் குற்றவாளிக் குடும்பமானது. அவள் சமைப்பாள், நான் தட்டை மாடிக்குக் கொண்டுபோவேன். துணி மூட்டைக்குள் சோற்றை மறைத்துக்கொண்டு போவதில் எனக்குக் கை பழகிவிட்டது. அவன் கட்டின துணியோடு வந்தவன், அதனால் மாற்றுத்துணிக்கு வாங்காத துணியையே எடுத்துப் போட்டுக்கொண்டான். ஒருநாள் பார்த்தால் பேங்க் மேனேஜர் மாதிரி இருப்பான். மறுநாள் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருப்பான். சிரிப்பு வரும், உடனே வாயைப் பொத்திக்கொள்வேன். எனக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்றுதான். இவன் மாட்டினால் இவனோடு முடியாது, இவளையும் கூட்டிக்கொண்டு போவார்கள். அவளிடம் சொன்னால், "சூடு ஆறட்டும், அப்புறம் பாக்கலாம்" என்பாள். எது எப்போது ஆறும் என்று அவளுக்கும் தெரியாது.

எனக்கு மட்டும் நான் ஒரு வழி வைத்திருந்தேன். தினமும் முகம் மழிக்கும்போது கண்ணாடியைப் பார்த்து, "எனக்கு ஒண்ணும் தெரியாது மேடம்" என்று சொல்லிப் பழகினேன். ஆரம்பத்தில் குரல் நடுங்கியது. போகப் போக நானே நம்பும் அளவுக்கு வந்துவிட்டது.

அந்த ஆஸ்பத்திரி டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுகளும் எங்கள் கடையில்தான் சலவை. கோட்டுகளைக் கொடுக்கப் போகும்போதெல்லாம் கண்டக்டர் படுத்திருந்த வார்டு வழியாக நடப்பேன். எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடுவேன். ஒருநாள் அவரே கூப்பிட்டுவிட்டார், தலையணையைக் கொஞ்சம் தூக்கி வைக்கச் சொல்லி. நான் யார் என்று அவருக்குத் தெரியாது. பேச்சுக்கு ஆள் கிடைக்காமல் காய்ந்துபோயிருந்தார் மனுஷன்.

"எத்தன ஆயிரம் பேருக்கு எடம் புடிச்சுக் குடுத்திருப்பேன்" என்றார். "இப்ப பாருங்க, நான் படுத்துக்கிட்டு எல்லாரையும் நிக்க வெக்கறேன்."

சிரித்தேன். சிரித்ததற்கு என்னையே திட்டிக்கொண்டேன்.

"இடிச்சதுகூட பரவால்லைங்க. மழை, இருட்டு, யாருக்கு வேணா நடக்கும். ஆனா வண்டி கொஞ்சம் நின்னுச்சு. அந்தப் பையன் கண்ணாடியில என்னப் பாத்தான். நானும் அவன் கண்ணப் பாத்தேன். அப்புறம் போனான். கால் வலி மாத்திரை போட்டா அடங்குது. அந்தக் கண்ணு அடங்க மாட்டேங்குது."

தலையணையைச் சரிசெய்துவிட்டு வந்தேன். வழியெல்லாம் இதை வீட்டில் சொல்லக்கூடாது என்று முடிவு பண்ணிக்கொண்டே வந்தேன். தட்டோடு மாடி ஏறியதும் முதல் வேலையாகச் சொல்லிவிட்டேன். கஞ்சி வாயில் வைத்த கவளத்தை விழுங்க மறந்து உட்கார்ந்திருந்தான்.

"நானும் பாத்தேன் மாமா" என்றான் கடைசியில். "எந்திரிக்கப் பாத்தாரு. கைய நீட்டினாரு. நான் கியர் போட்டேன்."

அன்றிலிருந்து அவன் பேச்சு குறைந்துவிட்டது. சாப்பாடும் பாதி அப்படியே திரும்பி வந்தது.

அடுத்து வந்த வார விடுமுறையன்று என் மனைவிக்குக் காய்ச்சல். கடை ஷட்டர் இறக்கியிருந்தது. அவள் பின்னறையில் போர்த்திப் படுத்திருந்தாள். மேடத்தின் சட்டைகள் இரண்டு மேசைமேல் தேய்க்காமல் கிடந்தன. மறுநாள் பெரிய அதிகாரி யாரோ நிலையத்துக்கு வருகிறார், ஒரு சட்டையாவது இன்றைக்கே வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். நான் மருந்து வாங்கப் போய், கூட்டத்தில் நின்று, திரும்பி வந்தபோது ஒரு சட்டை தேய்த்துக் கம்பியில் தொங்கியது. காய்ச்சலோடு எழுந்து முடித்துவிட்டாளே என்று அவள்மேல் இரக்கப்பட்டுக்கொண்டே அதைக் காகிதத்தில் சுற்றி, கொண்டுபோய் மேடம் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு சுறுசுறுப்பாக நான் எந்த வேலையும் செய்ததில்லை.

அவள் எழுந்து வந்து மேசையைப் பார்த்தாள்.

"இன்னொரு சட்டை எங்க?"

"நீதான தேய்ச்சு வெச்ச? குடுத்துட்டேன்."

"நான் எங்க எந்திரிச்சேன்?"

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கூரையைப் பார்த்தோம். மேசை ஓரத்தில் சின்ன பிரஷ் ஈரமாக இருந்தது.

கஞ்சி மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தான். "கை சும்மா இருக்க மாட்டேங்குதுக்கா. தேய்க்கும்போது மட்டும்தான் அந்தக் கண்ணாடி ஞாபகம் வரல."

"தேய்ச்சதுதான் தேய்ச்ச, நான் போடற மாதிரி சட்டை பூராவும் கஞ்சி போட்டுத் தொலைச்சிருக்கக் கூடாதா? மடிப்புல மட்டும் ஏண்டா போட்ட?"

"அவங்களுக்குக் கழுத்து அரிக்குமேக்கா."

என் மனைவி காய்ச்சல் முகத்தோடு அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அவன்மேல் கோபம் கோபமாக வந்தது. கூடவே, இப்படிப்பட்டவனா அந்த மழையில் ஒரு மனுஷனை விட்டுவிட்டு வந்தான் என்று அழுகையும் வந்தது. இரண்டும் ஒரே ஆள்தான். அதுதான் தாங்கவில்லை.

மறுநாள் காலை, கடை திறந்த சூட்டோடு மேடம் வந்தார். தனியாக வந்தார். அந்தச் சட்டையைத்தான் போட்டிருந்தார். உள்ளே வந்தவர் வலது கையை மேசைக்கு மேலே நீட்டிக் காட்டினார். தோளிலிருந்து மணிக்கட்டுவரை ஒரே மடிப்பு, ஸ்கேல் வைத்தமாதிரி. அப்புறம் விரலைக் காலருக்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றினார்.

"நல்லா இருக்கு" என்றார். "யாரு தேய்ச்சது?"

"நான்தான்" என்றாள் என் மனைவி.

"இத்தன நாளா ஒருதடவகூட உங்களுக்கு இப்படி வரலையே?"

"பழகிட்டேன் மேடம்."

"சந்தோஷம். இன்னொரு சட்டை இங்கதான இருக்கு? தேய்ச்சுக் குடுங்க. நின்னு வாங்கிட்டுப் போறேன்."

என் மனைவி பெட்டியைச் சூடாக்கினாள். பிரஷ்ஷைக் கஞ்சியில் தொட்டாள். காய்ச்சல் இன்னும் விடவில்லை. கோடு கோணலாகப் போனது, சொட்டுச் சொட்டாகப் பக்கத்திலும் விழுந்தது. துடைத்துவிட்டு மறுபடி இழுத்தாள். மேடம் அவசரப்படுத்தவில்லை. மேலே தளம் முனகியது. நான் இருமினேன். மேடம் என்னைப் பார்த்தார். இரண்டாவது தடவை முனகியபோது எனக்கு இருமல் வரவில்லை.

அடுத்து கேட்டது படியில் காலடிச் சத்தம்.

கஞ்சி இறங்கி வந்தான். யாரோ மறந்துபோன சாம்பல் நிறக் கோட்டுச் சூட்டில் இருந்தான். ஒளிந்திருந்தவன் மாதிரியே இல்லை, நேர்முகத் தேர்வுக்குப் போகிறவன் மாதிரி இருந்தான். கோட்டைக் கழற்றி மாட்டினான், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான்.

"தள்ளுக்கா" என்றான்.

அவள் நகரவில்லை. அவன் அவள் தோளைப் பிடித்து மெதுவாக ஒதுக்கிவிட்டு, ஈரத் துணியால் கோணல் கோட்டைத் துடைத்து எடுத்தான். பிரஷ்ஷைத் தொட்டு ஒரே இழுப்பு. பெட்டியை வைத்தான். ஆவி எழுந்தது. மேடம் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு கை முடிந்து, இன்னொரு கை முடிந்து, முதுகும் முடியும்வரை அவர் எழுந்திருக்கவில்லை. போலீஸ் தேடுகிற ஆள் சட்டை தேய்த்து முடிக்கட்டும் என்று போலீஸே காத்துக்கொண்டிருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

அவன் சட்டையை மடித்து அவர் கையில் கொடுத்தான்.

"நான் மாடி ஏறல" என்றார் மேடம். "நீங்களா எறங்கி வந்தீங்க. அத அப்படியே எழுதுவேன். ஆனா எங்க இருந்தீங்கன்னும் எழுதணும். அத மாத்தி எழுத மாட்டேன்."

"பின்பக்கமா ஏறி நானே ஒளிஞ்சுக்கிட்டேன் மேடம். அக்காவுக்குத் தெரியாது."

"வாய மூடுடா" என்றாள் என் மனைவி. "தெரியும் மேடம். நான்தான் மேல அனுப்பினேன். எனக்கு மட்டும்தான் தெரியும். இவரு நாள் பூரா டெலிவரிக்குப் போயிடுவாரு. இவருக்கு ஒண்ணும் தெரியாது."

மேடம் என் பக்கம் திரும்பினார். "அப்படியா? உங்களுக்கு ஒண்ணும் தெரியாதா?"

இந்தக் கேள்விக்காகத்தான் தினமும் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்தேன். பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. என் மனைவி கண்ணாலேயே சொல்லு, சொல்லு என்று கெஞ்சினாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு காய்ச்சலோடு நின்றாள். இவளை ஒண்டியாக நடக்கவிட்டுவிட்டு நான் கடையில் உட்கார்ந்திருந்தால், நானும் கியர் போட்டவன்தான் என்று தோன்றியது.

"தெரியும் மேடம்" என்றேன். "சோறு நான்தான் மேல கொண்டுபோவேன்."

என் குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. இவ்வளவு நாள் பழகியது வீண்போகவில்லை.

"உங்கள யாருங்க வாயத் தொறக்கச் சொன்னது?" என்றாள் என் மனைவி. சொல்லிவிட்டு என் சட்டைக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நிலையம்வரை விடவில்லை. பின்தெருதானே என்று நாலு பேருமாக நடந்தே போனோம். கஞ்சி முன்னால் போனான், பக்கத்தில் மேடம் தேய்த்த சட்டையைக் கசங்காமல் கையில் ஏந்திக்கொண்டு.

எங்கள் மேலும் கேஸ் போட்டார்கள், மேடம் சொன்னபடியே. உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தார், கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. ஜாமீனில் வந்தோம், கோர்ட்டுக்கு அலைந்தோம். நீதிபதி எங்கள் இரண்டு பேரையும் நன்றாகக் கடிந்துகொண்டு, இனி ஒழுங்காக இருக்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார். ஊருக்கே சலவை செய்கிறவர்கள் ஒழுங்காக இருக்க எழுதிக் கொடுத்தது எங்கள் தெருவில் கொஞ்ச நாளைக்கு நல்ல பொழுதுபோக்காக இருந்தது.

கஞ்சியின் வழக்கு முடியும் நாளில் கண்டக்டர் ஊன்றுகோலோடு வந்திருந்தார். கஞ்சி அவர் முன்னால் போய் நின்றான். தலையைக் குனியாமல் அவர் கண்ணைப் பார்த்தே, "அன்னிக்கு நான் நின்னிருக்கணும்" என்றான். கண்டக்டரும் அவன் கண்ணைப் பார்த்தார்.

"இப்ப நிக்கறியே, அது வரைக்கும் சரி" என்றார். அப்புறம் என்னைக் கண்டுகொண்டார். "நீங்க தலகாணிக்காரர்தான?" என்று கேட்டார். நான் பூமிக்குள் போய்விடப் பார்த்தேன். அவர் சிரித்தபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

தானாக வந்தான் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு தண்டனையைக் குறைத்தார்கள். குறைத்தாலும் சிறை சிறைதான். அவனை உள்ளே அனுப்பிய நாளிலிருந்து என் மனைவி முகத்தில் ஈயாடவில்லை. அவனுக்கு அங்கே யார் சோறு கொண்டுபோவார்கள் என்று என்னைக் கேட்பாள், நான் என்னவோ அங்கேயும் டெலிவரிக்குப் போகிறவன் மாதிரி. அந்தச் சாம்பல் நிறச் சூட்டைத் துவைத்துத் தேய்த்தாள். ஆனால் மாடிக்குக் கொண்டுபோகவில்லை. முன்னால் முடிந்த துணிகளோடு மாட்டி வைத்தாள்.

முதல் முறை அவனைப் பார்க்கப் போனபோது சிறை வாசலில் ஒரு வார்டர் எங்களை நிறுத்திப் பையைச் சோதித்தார். கறாரான மனுஷன், சிரிப்பு என்பதே முகத்தில் இல்லை. பையைத் திருப்பிக் கொடுக்கக் கையை நீட்டினார். என் மனைவி பையை வாங்கவில்லை. அவர் சட்டைக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் பார்த்தேன். தோளிலிருந்து மணிக்கட்டுவரை ஒரே மடிப்பு, கத்தி மாதிரி. மீதிச் சட்டை மெத்தென்று இருந்தது, காலர் உட்பட.

"என்னம்மா பாக்கறீங்க?" என்றார் வார்டர்.

"ஒண்ணுமில்ல சார்" என்றாள். எத்தனையோ நாளைக்கு அப்புறம் அவள் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். உள்ளே நடக்கும்போது என் காதுப்பக்கம் குனிந்து சொன்னாள்:

"கழுத்து அரிக்குதா சார்னு கேட்டிருப்பான்."